ஒரு வண்டி மணல்: சின்னக் குழந்தைகளின் விளையாட்டு மைதானம் பிறந்த கதை

இந்த முறை ஒரு வரலாற்றுக் கட்டுரை. ராஜா, போர், கோட்டை எதுவும் இதில் இல்லை. இது மணல் குவியலின் வரலாறு. சிரிக்காதீர்கள், கடைசி வரை படித்துவிட்டுச் சொல்லுங்கள் :)

போன கோடை விடுமுறையில் அக்கா வீட்டுக்கு வந்திருந்தாள். கூடவே அவள் மகன், ஒன்றரை வயது. நடக்கப் பழகி நாலைந்து மாதம்தான் ஆகிறது. நடப்பதில்லை, ஓடுகிறான். ஒரு நாள் சாயங்காலம் அவனைத் தூக்கிக்கொண்டு பக்கத்துப் பூங்காவுக்குப் போனோம். அங்கே ஒரு இரும்புச் சறுக்கு, இரண்டு ஊஞ்சல், ஒரு சீசா. சறுக்கு அவன் உயரத்தைப் போல மூன்று மடங்கு. அக்கா அவனை மடியில் வைத்துக்கொண்டு சறுக்கிப் பார்த்தாள். வெயில் இறங்கிய பிறகும் தகடு சுட்டது, பையன் அலறிவிட்டான். ஊஞ்சல் பலகை பெரிய பிள்ளைகளுக்கானது, பிடியை விட்டால் விழுவான். சீசாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அவ்வளவு பெரிய பூங்காவில் அவனுக்கென்று ஒன்றுமே இல்லை.

திரும்பி வரும் வழியில் ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். வாசலில் மணல் குவியல். பையன் என் இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கினான். போய் உட்கார்ந்தான். கையால் அள்ளினான், விட்டான், அள்ளினான், விட்டான். முக்கால் மணி நேரம் அழுகை இல்லை, அம்மா இல்லை, யாரும் வேண்டாம்!

"டேய் தூக்குடா அவனை, பூனை போயிருக்கும்" என்று அக்கா கத்தினாள். வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் அப்பத்தா, "மண்ணுல விளையாடாத பிள்ளை உண்டாடி? நீ விளையாடினவதானே" என்று அவள் பங்குக்கு ஆரம்பித்தாள். அன்று இரவு சாப்பாடு முடியும் வரை இதே வாக்குவாதம்தான்.

எனக்கு அதில் ஒரு சந்தேகம் வந்தது. ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைக்கு வெளியில் எது பாதுகாப்பான விளையாட்டு என்று முதன்முதலில் யோசித்தவர்கள் யார்? பூங்காவில் இரும்புச் சறுக்கை வைத்தது யார்? தேடிப் படித்தபோது அப்பத்தாவும் அக்காவும் போட்ட அதே சண்டை நூற்றைம்பது வருடங்களாக உலகம் பூராவும் நடந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்தது.

பதினேழாம் மாதம்: சிற்றில்

முதலில் நம் பக்கத்துச் செய்தி ஒன்று. பிள்ளைத்தமிழ் என்ற இலக்கிய வகையைப் பள்ளியில் படித்திருப்போம். பத்துப் பருவங்களை மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதிவிட்டு மறந்திருப்போம். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வாரானை, அம்புலி, சிற்றில், சிறுபறை, சிறுதேர். இது ஆண்பாற் பிள்ளைத்தமிழின் வரிசை. பெண்பாலில் கடைசி மூன்றும் மாறும். அம்மானை, நீராடல், ஊசல் போன்றவை வரும். 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் இரண்டாம் குலோத்துங்க சோழன் மேல் பாடிய பிள்ளைத்தமிழ் இந்த வகையில் மிகப் பழையது. அதற்கும் முன்பே பெரியாழ்வார் கண்ணனைக் குழந்தையாக வைத்துச் செங்கீரையும் சப்பாணியும் பாடிவிட்டார்.

இலக்கணம் சொல்பவர்கள் இந்தப் பருவங்களுக்கு மாதக் கணக்கும் வைத்திருக்கிறார்கள். கணக்குகளில் வேறுபாடு உண்டு. ஒரு கணக்குப்படி மூன்றாம் மாதம் காப்பில் தொடங்கி இரண்டு இரண்டு மாதமாக ஏறும். ஐந்தாம் மாதம் செங்கீரை. ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, கைகளை ஊன்றி, தலையை நிமிர்த்தி ஆடுவது. ஒன்பதாம் மாதம் சப்பாணி, அதாவது கை தட்டுவது. பதின்மூன்றாம் மாதம் தளர்நடை போட்டு வருவது. பதினேழாம் மாதம் சிற்றில். மணலில் சின்ன வீடு கட்டும் விளையாட்டு! ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சிறுமிகள் கட்டிய மணல்வீட்டைப் பிள்ளை காலால் அழிக்க வருவான், அவர்கள் வேண்டாம் என்று கெஞ்சுவார்கள். இரண்டு வயதுக்குள் ஒரு குழந்தை மணலில் கட்டுவதை விட அழிப்பதைத்தான் நன்றாகச் செய்யும். புலவர்கள் கவனித்துத்தான் எழுதியிருக்கிறார்கள்.

நான் இந்த வரிசையை விளையாட்டுப் பட்டியலாகப் பார்த்தேன். பறை, தேர் எல்லாம் கடைசியில் வருகின்றன. குழந்தையின் உடம்பு எந்த மாதத்தில் எதைச் செய்யுமோ அந்த மாதத்தில் அந்த விளையாட்டு. பெரிய பிள்ளையின் விளையாட்டைச் சின்னதாக்கிக் கொடுப்பது அதில் இல்லை. என் அக்கா மகனுக்கு அப்போது சரியாகப் பதினெட்டு மாதம். சிற்றில் கணக்கு எவ்வளவு பொருந்துகிறது பாருங்கள்.

ஆனால் இது வீட்டு வாசலிலும் தெருவிலும் மணல் இருந்த காலத்துக் கணக்கு. மணலே இல்லாத நகரத்தில், கல் பாவிய தெருவில் பிறந்த குழந்தை என்ன செய்யும்? அந்தக் கேள்வி முதலில் பெரிதாக எழுந்தது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும். இனி அங்கே போவோம்.

தோட்டம் போட்டவரும் தடை போட்டவர்களும்

ஜெர்மனியின் துரிங்கியா பகுதியில் 1782இல் பிறந்தவர் ஃப்ரெட்ரிக் ஃப்ரோபெல். சின்னக் குழந்தைகள் விளையாட்டின் வழியாகவே கற்கிறார்கள் என்று நம்பியவர். 1837இல் பாட் பிளாங்கன்பர்க் என்ற சிற்றூரில் குழந்தைகளுக்கான ஒரு நிலையம் தொடங்கினார். 1840இல் அதற்குக் 'கிண்டர்கார்டன்' என்று பெயர் வைத்தார். குழந்தைகளின் தோட்டம் என்று பொருள். இன்று நம் ஊரில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. என்று சொல்கிறோமே, அதில் உள்ள 'கே.ஜி.' இதுதான். பெயரில் மட்டுமல்ல, அவருடைய திட்டத்திலேயே உண்மையான தோட்டம் இருந்தது. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பாத்தி. இன்று பல கே.ஜி. வகுப்புகளில் ஜன்னல் வழியாகக்கூட ஒரு செடி தெரியாது என்பது வேறு கதை.

ஃப்ரோபெல் குழந்தைகளுக்குத் தரச் சொன்ன முதல் விளையாட்டுப் பொருள் கம்பளி நூலால் பின்னிய மெத்தென்ற பந்துகள், ஆறு நிறங்களில். விழுந்தாலும் உடையாது, பட்டாலும் வலிக்காது, உருட்டலாம், ஆட்டலாம். மிகச் சின்னக் குழந்தைக்கு எளிமையும் பாதுகாப்பும் ஒன்றாக இருக்கும் பொருள். 1847இல் அவருடைய மாணவர் ஹெர்மன் ஃபான் அர்ன்ஸ்வால்ட் ஒரு கடிதத்தில், குழந்தைகள் விளையாட மணல் பரப்பிய ஓர் இடம் அமைக்கலாம் என்று யோசனை சொன்னார்.

இவ்வளவு சாதுவான மனிதருக்கு என்ன நடந்தது தெரியுமா? 1851 ஆகஸ்டில் பிரஷ்ய அரசு கிண்டர்கார்டன்களைத் தடை செய்தது! நாத்திகமும் சோஷலிசமும் பரப்புகின்றன என்று குற்றச்சாட்டு. உடன்பிறந்தவரின் மகனான கார்ல் ஃப்ரோபெல் எழுதிய எழுத்துகளையும் இவரையும் போட்டுக் குழப்பிக்கொண்டார்கள் என்று சொல்வார்கள். எடுத்துச் சொல்லியும் தடை நீங்கவில்லை. அடுத்த ஆண்டே, 1852இல், ஃப்ரோபெல் இறந்துபோனார். தடை நீங்கியது 1860இல். பந்தும் பாத்தியும் கொடுத்ததற்கு இந்தத் தண்டனை. ஆனால் அவருடைய மாணவிகள் பல நாடுகளுக்குப் போய்விட்டிருந்தார்கள். யோசனையும் அவர்களோடு போனது.

ஒரு டாக்டரின் கடிதம்

இப்போது கதையின் முக்கியமான ஆள் வருகிறார். மேரி ஸக்ஷெவ்ஸ்கா. 1829இல் பெர்லினில் பிறந்து, அங்கே மருத்துவச்சியாகப் பயிற்சி பெற்று, 1853இல் அமெரிக்கா போய், டாக்டர் பட்டம் வாங்கியவர். பெண்கள் டாக்டராவதே அதிசயமாக இருந்த காலம் அது. 1862இல் பாஸ்டன் நகரில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான மருத்துவமனை ஒன்றைத் தொடங்கினார்.

1885 கோடையில் அவர் பெர்லினுக்குப் போயிருந்தபோது, பொதுப் பூங்காக்களில் மணலைக் குவித்துக் குழந்தைகளை விளையாட விட்டிருந்ததைப் பார்த்தார். பணக்காரக் குழந்தை, ஏழைக் குழந்தை என்ற பேதம் இல்லாமல் எல்லோரும் அதில் விளையாடினார்கள். உடனே பாஸ்டனில் இருந்த ஒரு சங்கத்துக்குக் கடிதம் எழுதினார். மாசசூசெட்ஸ் அவசர உதவி மற்றும் சுகாதாரச் சங்கம் என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். அதை நடத்தியவர்களில் கேட் கேனட் வெல்ஸ் என்ற பெண்மணி முக்கியமானவர்.

பாஸ்டனின் நார்த் எண்ட் பகுதி அப்போது எப்படி இருந்தது என்று கொஞ்சம் கற்பனை செய்துகொள்ளுங்கள். அயர்லாந்து, இத்தாலி, கிழக்கு ஐரோப்பா எங்கிருந்தெல்லாமோ பிழைக்க வந்த குடும்பங்கள். ஒரு அறையில் ஒரு குடும்பம். அப்பா அம்மா இருவரும் வேலைக்குப் போவார்கள். சின்னக் குழந்தைகளுக்குத் தெருதான் வீடு. தெருவில் குதிரை வண்டிகள், சாக்கடை, குப்பை. டாக்டர் ஒருவரும் சுகாதாரச் சங்கம் ஒன்றும் இந்த வேலையில் இறங்கியது தற்செயல் அல்ல. அவர்களுக்கு இது பொழுதுபோக்கு விஷயமாகத் தெரியவில்லை, குழந்தைகளின் உடல்நலப் பிரச்சினையாகவே தெரிந்தது.

அந்த ஆண்டே பார்மென்டர் தெருவில் இருந்த ஒரு சிறிய தேவாலயத்தின் முற்றத்தில் மணலைக் கொட்டினார்கள். ஜூலை, ஆகஸ்டில் ஆறு வாரங்கள், வாரத்துக்கு மூன்று நாள், சராசரியாக 15 குழந்தைகள். கையில் சின்ன மர மண்வெட்டி. தோண்டினார்கள், மணல் அப்பம் சுட்டார்கள், பாட்டுப் பாடினார்கள், வரிசையாக நடந்தார்கள். அவ்வளவுதான். இதற்கு 'மணல் தோட்டம்' என்று பெயர் வந்தது. அமெரிக்காவில் பொது விளையாட்டு மைதான இயக்கம் தொடங்கிய இடம் என்று வரலாற்றுப் புத்தகங்கள் இதைத்தான் சொல்கின்றன. பெரிய பெரிய ஸ்டேடியங்களுக்கெல்லாம் மூதாதை ஒரு வண்டி மணல்!

இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மணலைக் கொட்டிவிட்டு அவர்கள் போய்விடவில்லை. பக்கத்தில் பெண்கள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டார்கள். முதலில் தன்னார்வலர்கள். 1887இல் சம்பளம் கொடுத்தே ஆள் வைத்தார்கள். சில ஆண்டுகளில் பாஸ்டனில் மணல் தோட்டங்கள் பத்தைத் தாண்டின. மற்ற நகரங்களும் பார்த்துச் செய்ய ஆரம்பித்தன. 1888இல் உளவியல் அறிஞர் ஜி. ஸ்டான்லி ஹால், ஒரு வீட்டு முற்றத்தில் கொட்டிய மணலில் சில சிறுவர்கள் பல கோடைகளாக ஒரு முழு ஊரையே உருவாக்கி விளையாடிய கதையைக் கட்டுரையாக எழுதினார். மணலுக்கு அறிவியல் மரியாதையும் கிடைத்துவிட்டது.

இரும்பு வந்தது, சின்னக் குழந்தை மறைந்தது

இதற்குப் பிறகு கதை திசை மாறுகிறது. 1906இல் அமெரிக்காவில் விளையாட்டு மைதானங்களுக்கென்றே தேசிய அளவில் ஒரு சங்கம் தொடங்கினார்கள். நகராட்சிகள் பணம் ஒதுக்கின. பணம் வந்ததும் பெரிய பெரிய இரும்புச் சாமான்கள் வந்தன. உயரமான சறுக்குகள், ஏணிகள், நடுக்கம்பத்தில் சங்கிலி தொங்கவிட்டு அதைப் பிடித்துக்கொண்டு சுற்றி ஓடும் ராட்டினம். மைதானம் என்றால் பெரிய பையன்களின் இடம் என்று ஆகிவிட்டது.

1920இல் செபாஸ்டியன் ஹின்டன் என்பவர் 'ஜங்கிள் ஜிம்' என்ற கம்பிக் கூண்டுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். நம் பள்ளிகளில்கூட இருக்குமே, கம்பிகளால் ஆன சதுரச் சதுரமான கூண்டு, அதுதான். அதன் பின்னால் சுவையான கதை ஒன்று உண்டு. அவருடைய அப்பா சார்லஸ் ஹின்டன் ஒரு கணிதக்காரர். நான்காம் பரிமாணத்தைப் புரிந்துகொள்ள முதலில் முப்பரிமாணத்தில் நன்றாகப் புழங்க வேண்டும் என்று சொல்லி, ஜப்பானில் இருந்தபோது மூங்கிலால் கூண்டு கட்டித் தன் பிள்ளைகளை ஏறவிட்டவர். மகன் அதையே இரும்பில் செய்தார். ஆறேழு வயதுப் பிள்ளைகளுக்கு அருமையான விஷயம். ஆனால் ஒன்றரை வயதுக் குழந்தைக்கு? அண்ணன் ஏறுவதைப் பார்த்துத் தானும் ஏறும். இறங்கத் தெரியாது. கீழே இருப்பதோ சிமெண்ட் அல்லது தார்த்தளம்.

நான் பார்த்த பூங்காவின் இரும்புச் சறுக்கு இந்தப் பரம்பரையில் வந்ததுதான். மணலில் தொடங்கிய இடம் இரும்புக்குப் போனபோது, யாருக்காகத் தொடங்கினார்களோ அந்தச் சின்னக் குழந்தைகள் கணக்கிலிருந்தே விழுந்துவிட்டார்கள்.

ஆம்ஸ்டர்டாமின் 700 மைதானங்கள்

மறுபடியும் மணலுக்குத் திரும்பிய நகரம் ஆம்ஸ்டர்டாம். இரண்டாம் உலகப்போரின் கடைசிக் குளிர்காலத்தில், 1944-45இல், அங்கே கடுமையான பஞ்சம். நாஜிகள் யூதர்களைப் பிடித்துக்கொண்டு போனதால் காலியாகக் கிடந்த வீடுகளிலிருந்து மக்கள் அடுப்பெரிக்க மரச் சட்டங்களைப் பெயர்த்துக்கொண்டார்கள். வீடுகள் இடிந்து விழுந்தன. போர் முடிந்தபோது நகரின் நடுவே வெற்று மனைகள் நிறைய இருந்தன. குழந்தைகளும் நிறைய இருந்தார்கள். விளையாட இடம்தான் இல்லை.

நகராட்சியில் வேலைக்குச் சேர்ந்த இளம் கட்டடக் கலைஞர் ஆல்டோ வான் ஐக், 1947இல் பெர்டெல்மன்ப்ளைன் என்ற சிறிய சதுக்கத்தில் முதல் மைதானத்தை அமைத்தார். அகலமான கான்கிரீட் விளிம்பு கொண்ட ஒரு மணல்தொட்டி. குட்டிக்கரணம் போடத் தாழ்வான சில கம்பிகள். மரங்கள். பெரியவர்கள் உட்காரப் பெஞ்சுகள். வேறு ஒன்றுமில்லை. பக்கத்துத் தெருக்காரர்கள் பார்த்துவிட்டு எங்களுக்கும் வேண்டும் என்று நகராட்சிக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தார்கள். 1978 வரை இப்படி 700க்கும் மேற்பட்ட மைதானங்கள் அவர் கைவண்ணத்தில் உருவாயின. பல, இடிந்த வீடுகளின் மனைகளில்.

அந்த மணல்தொட்டியின் விளிம்பைப் பற்றிக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தாழ்வானது, அகலமானது. ஒன்றரை வயதுக் குழந்தை அதைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம், ஏறி இறங்கலாம், மேலே வைத்து மணல் அப்பம் சுடலாம். அம்மா அதிலேயே உட்காரலாம். யானை, ஒட்டகம் போன்ற உருவப் பொம்மைகளை வைப்பதில் வான் ஐக்குக்கு விருப்பமில்லை. யானை பொம்மை யானையாக மட்டும்தான் இருக்கும். சும்மா ஒரு கல் என்றால் குழந்தை அதை எதுவாக வேண்டுமானாலும் ஆக்கிக்கொள்ளும்.

பாஸ்டனுக்கும் ஆம்ஸ்டர்டாமுக்கும் 62 வருட இடைவெளி. இரண்டு இடத்திலும் ஒரே கூட்டணிதான்: தாழ்ந்த இடம், மணல், பக்கத்தில் உட்கார ஒரு பெரியவர்.

விழுந்த பிறகு வந்த கணக்கு

1970களில் அமெரிக்காவில் மைதானக் காயங்களை எண்ணத் தொடங்கினார்கள். 1972ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம், 1981இல் பொது விளையாட்டு மைதானங்களுக்கான பாதுகாப்புக் கையேட்டை முதன்முதலாக வெளியிட்டது. பிறகு பல முறை திருத்தினார்கள். அதைப் படித்தால் இரண்டு விஷயங்கள் தெளிவாகின்றன.

ஒன்று, காயங்களில் பெரும்பகுதி கீழே விழுவதால் வருகிறது. ஆகவே எதில் ஏறுகிறது என்பதைப் போலவே எதன் மேல் விழுகிறது என்பதும் முக்கியம். சிமெண்ட், தார் இரண்டும் கூடவே கூடாது. புல்தரைகூடப் போதாது, ஏனென்றால் நடந்து நடந்து புல் தேய்ந்து தரை இறுகிவிடும். 9 அங்குல ஆழத்துக்கு மணல் இருந்தால் சுமார் 4 அடி உயரத்திலிருந்து விழுவதைத் தாங்கும் என்று கணக்குச் சொல்கிறது கையேடு. பாருங்கள், மணல் மறுபடி வந்துவிட்டது! இந்த முறை விளையாட்டுப் பொருளாக வரவில்லை, மெத்தையாக வந்திருக்கிறது.

இரண்டு, வயது. முதலில் கையேட்டில் மிகச் சின்னக் குழந்தைகளுக்குத் தனி இடம் இல்லை. 2008 திருத்தத்தில்தான் 6 மாதம் முதல் உள்ள குழந்தைகளையும் சேர்த்தார்கள். இரண்டு வயதுக்குள் இருப்பவர்களுக்கு ஏறும் சாதனங்கள் 32 அங்குலத்துக்கு மேல் உயரமாக இருக்கக் கூடாது என்றார்கள். பிள்ளைத்தமிழ் மாதக் கணக்குப் போட்ட விஷயத்துக்கு அமெரிக்க அரசு அங்குலக் கணக்குப் போட 2008 ஆகிவிட்டது :)

மணலுக்கும் பிரச்சினைகள் உண்டு, மறைக்கக் கூடாது. பூனை, நாய் கழிவு வழியாகக் கிருமியும் புழுவும் வரலாம். ஆக, அக்காவின் பயம் சரிதான். மணல்தொட்டி செய்யும் மரப்பலகைகளைப் பூச்சி அரிக்காமல் இருக்க ஆர்சனிக் கலந்த மருந்தில் ஊறவைத்துப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். 2003 முடிவோடுதான் அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்கு அப்படிப்பட்ட மரம் தயாரிப்பதை நிறுத்தினார்கள். ஆக, 'அந்தக் காலத்தில் எல்லாம் நல்லது' என்ற அப்பத்தாவின் கட்சியும் முழுக்கச் சரியில்லை.

வரலாறு படித்ததில் நான் எடுத்துக்கொண்டவை

இவ்வளவும் படித்துவிட்டு வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னது இதுதான்.

1. உயரத்தைப் பார். குழந்தை தானாக ஏறி, தானாக இறங்க முடிகிற உயரம்தான் அதன் உயரம். நாம் தூக்கி வைத்த உயரம் கணக்கில் வராது.

2. கீழே என்ன இருக்கிறது என்று பார். சிமெண்ட் தளத்தில் வைத்த சின்னச் சறுக்கை விட மணலில் உட்கார்ந்து விளையாடுவது எவ்வளவோ மேல்.

3. மடியில் வைத்துச் சறுக்காதே. இது எனக்கே அதிர்ச்சி. குழந்தையின் செருப்பு சறுக்கின் ஓரத்தில் சிக்கினால், பெரியவரின் எடை சேர்ந்து இழுக்க, சின்னக் கால் எலும்பு முறிந்துவிடும். பாதுகாப்பு என்று நினைத்து நாம் செய்வதே ஆபத்து. அன்று பூங்காவில் சூட்டோடு போனது எங்கள் அதிர்ஷ்டம்.

4. இரும்புத் தகட்டை முதலில் உன் புறங்கையால் தொட்டுப் பார். நம் வெயிலுக்கு இது மிக முக்கியம். நிழல் இல்லாத இரும்புச் சறுக்கு குழந்தைக்கு அடுப்புக் கல்.

5. கம்பி இடைவெளியைப் பார். மூன்றரை அங்குலத்துக்கும் ஒன்பது அங்குலத்துக்கும் நடுவே உள்ள சந்தில் குழந்தையின் உடம்பு நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும் என்கிறது கையேடு. கழுத்தில் கயிறு, துப்பட்டா எதுவும் வேண்டாம்.

6. மணல் என்றால் எல்லா மணலும் இல்லை. இப்போது வீடு கட்ட வருவது பெரும்பாலும் எம்-சாண்ட், கல்லை உடைத்துச் செய்தது. அதில் நுண்ணிய கல்தூசி இருக்கும், குழந்தையின் மூச்சுக்கு ஆகாது. தெருவோரக் குவியலில் ஆணி, கண்ணாடி இருக்கலாம், பின்னாலேயே லாரியும் வரலாம். கழுவிய ஆற்று மணல், விளையாடாத நேரத்தில் ஒரு மூடி, விளையாடும்போது கொஞ்சம் ஈரம், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவல்.

7. மணல் இல்லையென்றால் வேறு எளிய விளையாட்டுகள் உண்டு. மெத்தென்ற பந்தை உருட்டிவிடுவது, ஒரு குவளையிலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவது, கயிறு கட்டிய டப்பாவை இழுத்துக்கொண்டு நடப்பது. கயிறு குட்டையாக இருக்கட்டும். தண்ணீர் என்றால் ஒரு விநாடிகூடக் கண்ணை எடுக்கக் கூடாது, கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், ஆழமில்லாத பாத்திரமாக இருந்தாலும். விளையாடி முடிந்ததும் கொட்டிவிட வேண்டும்.

8. கடைசியாக, ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார வேண்டும். பாஸ்டனில் சம்பளம் கொடுத்து ஆள் வைத்தார்கள், ஆம்ஸ்டர்டாமில் பெஞ்சு போட்டார்கள். நம் வீட்டில் அப்பத்தாவும் நானும் சும்மாதானே இருக்கிறோம்!

பெரியவர்களுக்கான சாமான்களைச் சின்னதாக்கிக் கொடுத்தபோதெல்லாம் குழந்தைகள் விழுந்தார்கள். அந்த வயதுக் குழந்தை தானாக என்ன செய்கிறது என்று யாராவது உட்கார்ந்து பார்த்தபோதெல்லாம் விடை எளிமையாக, மலிவாக, தரையோடு ஒட்டியதாக இருந்தது. நான் புரிந்துகொண்டது இவ்வளவுதான்.

மறுநாள் கடைக்குப் போய் அகலமான பழைய பிளாஸ்டிக் தொட்டி ஒன்று வாங்கி வந்தேன். தெரிந்த மேஸ்திரி ஒருவர் மிச்சம் இருந்த ஆற்று மணலில் நாலு சட்டி கொடுத்தார். அப்பத்தா சலித்துக் கொடுத்தாள். அக்கா இரண்டு தடவை கழுவினாள், அப்பவும் நம்பிக்கை வராமல் மூன்றாம் தடவையும் கழுவினாள். பின்வாசல் வேப்பமரத்து நிழலில் வைத்து, ராத்திரி மூடுவதற்கு ஒரு பழைய பலகையும் போட்டோம். ஒரு எவர்சில்வர் டம்ளர், ஒரு மரக்கரண்டி. பையன் அக்கா ஊருக்குக் கிளம்பும் வரை தினமும் காலையில் எழுந்ததும் அந்தப் பலகையைத் தட்டிக்கொண்டு நின்றான்.

தெருவில் இருந்த குவியல் இப்போது இல்லை, வீட்டுச் சுவராகிவிட்டது. பூங்காவில் சறுக்கு அப்படியே இருக்கிறது. வார்டு உறுப்பினரிடம் ஒரு மனு எழுதிக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன்: ஒரு மூலையில் மரநிழல், தாழ்வான திண்டு, ஒரு வண்டி மணல், மூட ஒரு வலை, நாலு பேர் உட்கார ஒரு பெஞ்சு. பார்மென்டர் தெருவில் 1885இல் செய்ய முடிந்தது நம் தெருவில் முடியாதா என்ன? உங்கள் ஊர்ப் பூங்காவில் இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு என்ன இருக்கிறது என்று அடுத்த முறை போகும்போது ஒரு தடவை பாருங்கள்.